பழைய ஃபியட்டுக்கு ஏர் சஸ்பென்ஷன்: ரிமோட்டைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: தாத்தா 1968இல் வாங்கிய ஃபியட் 1100 இன்னும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. கண்காட்சியில் நிற்கும்போது தாழ்ந்தும், எங்கள் தெருவின் வேகத்தடைகளில் உயர்ந்தும் இருக்கும்படி ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கின் வேலையைக் காற்றுப் பை செய்யும் அமைப்பு) பொருத்த ஆசை. மூன்று யோசனைகள் சொல்கிறார்கள். இணையத்தில் ரிமோட்டுடன் கிடைக்கும் முழு செட், புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தையில் பஸ்ஸிலிருந்து கழற்றிய பெல்லோ (காற்றுப் பை), அமெரிக்க நிறுவனங்களின் பாகங்களைத் தனித்தனியாக வரவழைப்பது. எது நல்லது?
– வாசகர், மந்தைவெளி

பதில்: பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ரிமோட்டைத்தான். அது கெட்டால் வண்டி நின்ற உயரத்திலேயே நிற்கும், அவ்வளவுதான். காற்றுப் பை கிழிந்தாலோ, அதைத் தாங்கும் இரும்புத் தகடு விரிசல் விட்டாலோ ஓடும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து டயர் மட்கார்டில் உரசும். எது கெட்டால் ஆபத்து அதிகமோ அதற்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். தகடு, பை, குழாய், வால்வு, கம்ப்ரஸர், மிச்சமிருந்தால் ரிமோட்.

அதற்கும் முன்னால் காகித வேலை ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று 2019 திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. உங்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாதிருந்தால்தான் அந்தத் தகுதி. ஃபியட் 1100இல் தனி அடிச்சட்டம் கிடையாது, உடற்கூடுதான் எலும்புக்கூடு. பை வைப்பதற்காக அதை வெட்டி வெல்டிங் செய்தால், தாத்தா விட்டுச்சென்ற மதிப்பையே வெட்டுகிறீர்கள். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். எந்தப் பாகமும் போல்ட்டில் ஏறி போல்ட்டில் இறங்குவதாக இருக்கட்டும். கழற்றும் பழைய ஸ்பிரிங்குகளுக்கு எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள்.

இனி பாகங்கள். பின்பக்கம் உங்கள் வண்டிக்குப் பட்டை ஸ்பிரிங். பட்டை எடையைத் தாங்குவதோடு, அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பை வைத்தால் அச்சைப் பிடிக்கத் தனியாக இணைப்புக் கம்பிகளும், அவற்றைப் பற்றவைக்க உடற்கூட்டில் புது இடங்களும் வேண்டும். வேண்டாம். பட்டை இருக்கட்டும், அச்சுக்கு மேல் பக்கத்துக்கு ஒரு துணைப் பை வைத்தால் போதும். வண்டியின் பின்பகுதி தரையைத் தொடும் அளவுக்குத் தாழாது என்பது உண்மைதான். அதற்காக அச்சைப் பணயம் வைக்க முடியாது.

முன்பக்கம் காயில் ஸ்பிரிங் என்பதால் அந்த இடத்திலேயே பை உட்காரும். எந்த அளவுப் பை? காற்றழுத்தத்தைப் பையின் பரப்பால் பெருக்கினால் அது தாங்கும் எடை வரும். காலி வண்டி ஏறத்தாழ 900 கிலோ. நான்கு பேர் ஏறினால் ஒரு முன்சக்கரத்தின் மேல் சுமார் 280 கிலோ. சக்கரம், பிரேக் ஆகியவற்றின் எடையைக் கழித்தால் 250. பை சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கையின் நடுவில் இருக்கிறது. அதனால் அதன் மேல் விழுவது இரட்டிப்பாகி 500 கிலோ. பையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, அதாவது சுமார் 71 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். நல்ல அளவு. அதே இடத்தில் 400 சதுர சென்டிமீட்டர் பஸ் பெல்லோவை வைத்தால் 18 பி.எஸ்.ஐ. போதும். மலிவு என்று தோன்றும், ஆனால் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பெரிய பை சரியாக விரியாது. பள்ளத்தில் இறங்கும்போது ரப்பர் மடிப்புக்குள் கிள்ளப்படும். பழைய ரப்பருக்கு எத்தனை வயது என்பதும் புதுப்பேட்டையில் யாருக்கும் தெரியாது. கதவுப் பிடி, விளக்கு வளையம், சக்கர மூடி தேடி நானே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை அங்கே கழித்திருக்கிறேன். ரப்பர் மட்டும் அங்கே வாங்குவதில்லை.

எடைக்கும் அழுத்தத்துக்குமான அட்டவணையைக் கேளுங்கள். ஃபயர்ஸ்டோன் போன்ற நிறுவனங்கள் அதை வெளியிடுகின்றன. அட்டவணை காட்டத் தெரியாத விற்பனையாளரிடம் பை வாங்காதீர்கள். உங்கள் இணைய செட்டில் நான் முதலில் தேடுவதும் அதையே. நான்கு பையும் ஒரே அளவு, எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தால் எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது என்று பொருள்.

ஒருமுறை கிண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில், கழற்றிய பை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வழவழப்பு. அதன் நடுவில் ரப்பர் தேய்ந்துபோய் உள்ளிருக்கும் நூல் வெள்ளையாகத் தெரிந்தது. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், அதற்கு நேர் எதிரே பிரேக் குழாயைப் பிடிக்கும் கிளிப்பின் முனை. பொருத்திய அன்று இரண்டுக்கும் இடையில் விரல் நுழையுமளவு இடைவெளி இருந்ததாகப் பட்டறைக்காரர் சத்தியம் செய்தார். இருந்திருக்கும், வண்டி உயர்ந்து நின்றபோது அளந்திருப்பார். பை அமுங்கும்போது அதன் இடுப்பு பெருக்கும். சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கிய நிலையில், சக்கரத்தை இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, சுற்றிலும் ஓர் அங்குலம் இடமிருந்தால்தான் சரி.

காற்று எடையைத் தாங்கும், குலுக்கலை அடக்காது. அது ஷாக் அப்சார்பரின் வேலை. வண்டி தாழும் உயரத்துக்கும் எழும் உயரத்துக்கும் போதுமான நீளமுள்ள ஷாக் அப்சார்பர் வேண்டும். அது முட்டுவதற்கு முன்பே ரப்பர் கட்டை முட்டியாக வேண்டும்.

குழாய் விலை குறைவு என்பதாலேயே அதில் கை இறுக்குகிறார்கள். தொழிற்சாலைகளில் பார்க்கும் நீல நிறக் குழாய் கூரைக்குக் கீழே வேலை செய்வதற்கானது. வாகன ஏர் பிரேக்குக்கான டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரை உள்ள நைலான் குழாயை வாங்குங்கள். கால் அங்குலம் போதும். முக்கால் நொடியில் எழுந்து குதிக்க இது வேடிக்கை வண்டி இல்லையே. முனையை பிளேடால் சாய்வாக அறுக்காமல் குழாய் வெட்டியால் நேராக வெட்டச் சொல்லுங்கள். பட்டறைகளில் நான் பார்த்த ஒழுகல்களில் பாதி சாய்வாக அறுத்த முனையில் தொடங்கியவை. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி வால்வு வேண்டும். இடதும் வலதும் ஒரே குழாயில் இருந்தால் வளைவில் திரும்பும்போது அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும்.

கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடலாம் என்பதைப் பெட்டியில் சதவீதக் கணக்காக அச்சிட்டிருப்பார்கள். 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓடியபின் 20 நிமிடம் ஓய்வு. அந்தக் கணக்கைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 72 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் போடுகிறார்கள். மே மாதத்தில் சென்னை வண்டியின் டிக்கிக்குள் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். எனவே தேவைக்கு ஒரு படி மேலான கம்ப்ரஸரை எடுங்கள். அது 20 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். உங்கள் வண்டியில் இன்னும் பழைய டைனமோ இருந்தால் முதல் செலவு ஆல்டர்னேட்டர்தான். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், இடையில் ரிலே. காற்றைச் சேர்த்துவைக்கும் தொட்டி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: லாரியின் பிரேக் காற்றுத் தொட்டி மலிவாகக் கிடைக்கும், பட்டறையில் அதைத்தான் காட்டுவார்கள். லாரியில் அது 8 முதல் 10 கிலோ அழுத்தத்தில் வேலை செய்கிறது. இந்த செட்டுகளின் அழுத்த சுவிட்ச் பெரும்பாலும் 165இல் ஓடத் தொடங்கி 200 பி.எஸ்.ஐ.யில் நிற்கும். அது 14 கிலோ. பொருந்தாது.

இந்த ஊரின் ஈரக்காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரியும். தொட்டியின் அடியில் வடிகால் குழாய், வால்வுக்கு முன் நீர்ப் பிரிப்பான் இரண்டும் கட்டாயம். வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். இரும்புத் தொட்டியானால் தேநீர் நிறத்தில் வடியும். கம்ப்ரஸரை வண்டிக்கு அடியில் மாட்ட விடாதீர்கள். டிசம்பரில் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் காடிலாக் முதலிய வண்டிகள் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தன. ஒழுகல் தொல்லை தாங்காமல் உரிமையாளர்கள் பலர் சாதாரண ஸ்பிரிங்குக்குத் திரும்பினார்கள். பழைய ஸ்பிரிங்கைப் பரணில் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஆக, பை, வால்வு, குழாய், தொட்டி, கம்ப்ரஸர் ஆகியவற்றைப் பெயருள்ள நிறுவனங்களிடமிருந்து தனித்தனியாக வாங்குங்கள். தகடுகளை உள்ளூர் லேத் பட்டறையில் அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். பணம் போதவில்லை என்றால் ரிமோட்டுக்குப் பதில் கையால் திருப்பும் வால்வும் அழுத்தமானியும் போதும். வேகத்தடை மட்டுமே பிரச்சினை என்றால் பட்டைகளைக் கழற்றி மறுவளைவு கொடுத்துப் பாருங்கள். செலவு இதன் ஓரத்தில்கூட வராது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஏர் சஸ்பென்ஷன் செட் நான்காவது மாதமே ஒழுகுகிறது. காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் படுத்திருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் பொருத்தியதால் உத்தரவாதம் கிடையாது என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது?
– வாசகி, கொளத்தூர்

பதில்: எதையும் கழற்றாதீர்கள். சோப்புத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து, குழாய் சேரும் ஒவ்வோர் இடத்திலும், பிறகு பையின் மடிப்பிலும் ஓரத்திலும் தடவுங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே வழக்கு இருக்கிறது. இணைப்பில் வந்தால் பெரும்பாலும் பொருத்தியவரின் தவறு. பையின் உடலில் வந்தால், அங்கே உரசிய தடம் இல்லையென்றால், பொருளின் குறை. தேதி தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் தில்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். பொருத்திய மெக்கானிக்கிடம் ரசீது வாங்கியிருந்தால் அவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதை ஆணையம் பார்த்துக்கொள்ளும். ரசீது வாங்கவில்லையா? பணம் கைபேசி வழியாகப் போயிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான்.

கேள்வி: என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. அதற்கு ஏர் சஸ்பென்ஷன் உண்டா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பொருத்தித் தர ஆள் கிடைப்பார்கள். நான் பொருத்த மாட்டேன். நம் ஊரிலேயே தயாரான இந்த வண்டிக்குத் தனி அடிச்சட்டம் உண்டு, அதுவரை வசதிதான். ஆனால் பின்பக்கம் குறுக்கே ஒரே பட்டைக் கட்டு. அச்சுத் தண்டுகள் நடுவிலிருந்து சிறகுபோல் ஆடும். வண்டியைத் தூக்கினால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்நோக்கிச் சாயும். அந்த நிலையில் வேகமாக வளைவில் திரும்பினால் வெளிச்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். இந்த அமைப்புக்கு அது பெயர்போன குணம். வேகத்தடைக்காகத் தூக்கிவிட்டு, இறக்க மறந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் ஒரு நாள் போதும். நல்ல பட்டையும் புது ஷாக் அப்சார்பரும் வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் சுருளுக்கு இடையில் செருகும் வளையங்களை ‘ஏர் சஸ்பென்ஷன்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: அதில் காற்று இல்லை. வெறும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கட்டை. தளர்ந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பாக்கும், வண்டி சற்று உயர்ந்தாற்போல் நிற்கும். ஸ்பிரிங் உண்மையாகவே தளர்ந்திருந்தால் அந்தப் பணத்தைப் புது ஸ்பிரிங்கில் போடுங்கள்.