மானிட்டரைப் பார்க்கும் முன் மூச்சை எண்ணுங்கள்: ஐசியூ கேள்வி பதில்

வணக்கம். பத்தொன்பது வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இப்போது வார்டு இன்சார்ஜ். கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய வந்துவிட்டன. செவிலியர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், ஐசியூ வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர்கள் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்தின் அளவு எழுதியிருக்கும் இடமெல்லாம் வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு. வீட்டில் யாரும் அதை முயல வேண்டாம்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த செவிலியர்): அக்கா, ஐசியூவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நாள் முழுக்க எல்லா மானிட்டரும் கத்திக்கொண்டே இருக்கிறது. எது நிஜ ஆபத்து, எது சும்மா என்று பிரிக்கத் தெரியவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: மூச்சைப் பாருங்கள் தங்கச்சி. நெஞ்சு ஏறி இறங்குவதை நீங்களே கண்ணால் பார்த்து எண்ணுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், ஐம்பதைத் தாண்டியவர். கேஸ் ஷீட்டில் மூச்சு 20, 20, 20 என்று வரிசையாக எழுதியிருந்தது. மானிட்டரில் 18. பிபி 110, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 97. எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. தலையணையைச் சரிசெய்யப் போனேன். "தண்ணி... கொஞ்சம்... குடுங்க... சிஸ்டர்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. கழுத்துக்குக் கீழே எலும்புக்கு மேல் குழி விழுந்து விழுந்து எழுந்தது. கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணினேன். 34. உள்ளே குடல் தையல் விட்டு, வயிறு முழுக்கச் சீழ் பரவத் தொடங்கியிருந்தது. அன்று மாலையே மறுபடி தியேட்டருக்குப் போனார். பிழைத்துக்கொண்டார்.

மானிட்டர் ஏன் 18 காட்டியது? அது ஈசிஜி லீடுகளுக்கு நடுவில் நெஞ்சின் மின்தடை மாறுவதை வைத்து மூச்சைக் கணக்கிடுகிறது. லீடு தளர்ந்தாலும், நோயாளி அசைந்தாலும், மூச்சு மேலோட்டமாக இருந்தாலும் தப்பாகக் காட்டும். உடம்பில் அமிலம் சேர ஆரம்பித்ததும் அதை வெளியேற்ற மூச்சு வேகமாகிவிடும். பிபி அப்படி இல்லை. ரத்தக்குழாய்களை இறுக்கி இறுக்கி உடம்பு கடைசிவரை பிபியைத் தூக்கிப் பிடிக்கும். அதனால் பிபி விழும்போது நமக்கு மிச்சமிருக்கும் நேரம் குறைவு.

1990-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோன 64 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். 84 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள்ளேயே ஏதோ ஒரு சரிவு தெரிந்திருந்தது. எட்டு மணி நேரம் என்பது ஒரு முழு ஷிஃப்ட். அந்தக் கணக்கைப் படித்த நாளிலிருந்து "20" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதை என் வார்டில் விடுவதில்லை.

எண்ணும்போது நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவர் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். முழு ஒரு நிமிடம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 25-ஐத் தொட்டாலோ, 8-க்குக் கீழே போனாலோ, மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட அது ஒன்றே போதும்.

கேள்வி (நர்சிங் மாணவி): காய்ச்சல் இல்லாமல் செப்சிஸ் வருமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வரும். தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு கட்டுமீறி, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வரும். உடம்பு சில்லிட்டுப்போவது காய்ச்சலைவிடக் கெட்ட அறிகுறி. நான் முதலில் போர்வையை விலக்கி முழங்காலைப் பார்ப்பேன். முட்டியைச் சுற்றி ஊதாத் திட்டுகள் வலை மாதிரித் தெரிந்தால் ரத்த ஓட்டம் போதவில்லை. அப்புறம் விரல் நுனியைப் பத்து வினாடி அழுத்திவிட்டு விடுங்கள். நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆனால் அதுவும் அதையேதான் சொல்கிறது. மூச்சு 22 அல்லது அதற்கு மேல், மேல் பிபி 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சில் குழப்பம் – இதில் இரண்டு சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

கல்ச்சர் (கிருமியைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை) எடுத்து, ஷாக் இருந்தால், அதாவது ரத்த ஓட்டம் போதாமல் பிபி விழுந்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்க வேண்டும். மருந்துச் சீட்டை அட்டெண்டர் கையில் கொடுத்து, அவர் கீழே ஃபார்மசி வரிசையில் நின்று வாங்கி வருவதற்குள் அந்த ஒரு மணி நேரம் போய்விடுகிறது. முதல் டோஸை வார்டு ஸ்டாக்கிலிருந்து போடுங்கள், சீட்டு அப்புறம் வரட்டும். சலைன் ஏற்றியும் சராசரி பிபி 65-ஐத் தொடவில்லை என்றால் பிபியைத் தூக்கும் நார்அட்ரினலின். பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் போடும்வரை அதை நிறுத்திவைக்காமல், நல்ல கைநரம்பில் தொடங்கலாம். ஊசி போட்ட இடத்தைமட்டும் கண்ணிலேயே வைத்திருங்கள்.

கேள்வி (மகன்): அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். ஊரில் கல்யாணம் என்று ஒன்றைத் தவறவிட்டோம். மறுநாள் கால் இரண்டும் துவண்டு எழவே முடியவில்லை. எமர்ஜென்சியில் ஈசிஜி எடுத்த கையோடு கால்சியம் ஊசி போட்டார்கள். சிறுநீரகக் கோளாறுக்கு எதற்குக் கால்சியம்?

பதில்: அவருக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கிறது தம்பி. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பு அது. ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது, டயாலிசிஸ் தவறினால் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் இதயத்தை நிறுத்திவிடும். ஈசிஜியில் ஓர் அலை கூடாரம் மாதிரிக் கூர்மையாக எழும்பும். அதைப் பார்த்ததுமே லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் கால்சியம் போட்டிருக்கிறார்கள். சரியான முடிவு.

கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் இதயத்துக்குக் காவல் நிற்கும், அவ்வளவுதான். அதற்குள் இன்சுலினையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுவார்கள். நிரந்தரமாக வெளியேற்றுவது டயாலிசிஸ்தான். செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த இன்சுலின் போட்டபின் சில மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரை இறங்கும். ஆறு மணி நேரம்வரை மணிக்கொருமுறை பாருங்கள்.

கல்யாண வீட்டில் இளநீர் குடித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். வெயிலுக்கு நல்லது என்று அன்போடு கொடுப்பார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அது பொட்டாசியக் கரைசல். அடுத்த முறை வெளியூர் போவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே டயாலிசிஸை முடித்துவிட முடியுமா என்று மையத்தில் பேசுங்கள்.

கேள்வி (தங்கை): அண்ணன் பூச்சிமருந்து குடித்துவிட்டான். இரண்டு நாளில் தெளிந்து, எங்களோடு பேசினான், இட்லி சாப்பிட்டான். மூன்றாம் நாள் திடீரென்று மூச்சு நின்று வென்டிலேட்டர் போட்டார்கள். தப்பான மருந்து ஏதாவது கொடுத்துவிட்டார்களா?

பதில்: இல்லை அம்மா. உங்கள் அண்ணனுக்கு வந்ததை மருத்துவ உலகுக்கு விளக்கிச் சொன்னவர்கள் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியத்தவும், 1987-ல். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தில் முதல் கட்டம் எல்லாருக்கும் தெரிந்தது: எச்சில் ஒழுகும், வேர்க்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். அதற்கு மாற்று மருந்து அட்ரோபின். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிப்பாக்கி, நெஞ்சில் களகளச் சத்தம் போய் அக்குள் காயும்வரை கொடுப்போம். உங்கள் அண்ணன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

குடித்து 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் இரண்டாவது கட்டம் சிலருக்கு வரும். அப்போது தசைகள் செயலிழக்கும். அட்ரோபின் இதற்கு உதவாது. மூச்சுத் தசை ஓயும் முன் கழுத்துத் தசை ஓயும். அதனால்தான் இந்த நோயாளிகளிடம் நான் ஒவ்வொரு ரவுண்டிலும் "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்பேன். நேற்றுத் தூக்கியவர் இன்று முகத்தைச் சுளித்துக்கொண்டு முயன்றும் தூக்க முடியாவிட்டால், சாச்சுரேஷன் 99 இருந்தாலும் மூச்சுக்குழாயில் டியூப் போடத் தயாராகிவிடுவோம். பேசுகிறார், சாப்பிடுகிறார் என்று மூன்றாம் நாளே சாதா வார்டுக்கு மாற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வென்டிலேட்டரில் ஒன்றிரண்டு வாரம் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலும் தசை திரும்பிவிடும்.

கிராமங்களில் சாணித் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் விஷத்தோடு நிமோனியாவும் சேரும். உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்துப் பாட்டிலையும் கொண்டு வாருங்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்தபின் "ஏன் இப்படிப் பண்ணின" என்று திட்டாமல் கூடவே இருங்கள். மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், இலவசம். அவர் பேசவில்லையென்றாலும் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி (ஹவுஸ் சர்ஜன்): சிஸ்டர், வென்டிலேட்டர் நோயாளிக்குத் திடீரென்று சாச்சுரேஷன் 70-க்கு இறங்கினால் கை கால் ஓடவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: மெஷினிலிருந்து கழற்றி ஆம்பு பேக்கில், முழு ஆக்ஸிஜனோடு, கையால் அழுத்துங்கள் டாக்டர். சுலபமாக அழுத்த முடிந்து சாச்சுரேஷனும் ஏறினால் கோளாறு மெஷினில் அல்லது அதன் குழாயில். அழுத்தவே முடியாமல் விறைப்பாக இருந்தால் டியூப் அடைத்திருக்கிறது அல்லது நெஞ்சுக்குள் காற்று கட்டியிருக்கிறது. சளி உறிஞ்சும் சக்ஷன் குழாயை டியூபுக்குள் விட்டுப் பாருங்கள், இறங்கினால் அடைப்பு இல்லை. பிறகு ஸ்டெதஸ்கோப். ஒரு பக்கம் சத்தமே இல்லாமல் பிபியும் விழுந்தால், எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் சீனியரைக் கூப்பிட்டுக்கொண்டே, கட்டிய காற்றை வெளியேற்றும் ஊசியைத் தயார்செய்யுங்கள். டியூப் எத்தனை சென்டிமீட்டரில் கட்டியிருந்தது என்பதையும் பாருங்கள். பக்கம் திருப்பிப் படுக்க வைக்கும்போதுதான் பெரும்பாலும் நகர்கிறது.

ஆம்பு பேக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது வென்டிலேட்டர்கள் போதவில்லை. சுமார் 1,500 மாணவர்கள் முறை போட்டு, வாரக்கணக்கில் கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். இன்றைய ஐசியூ அந்த வார்டிலிருந்துதான் பிறந்தது.

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்): காலையில் வயிற்று வலி என்று ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். காயம் இல்லை, வீக்கம் இல்லை. மதியத்துக்குள் இமை மூடிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி என்றார்களாம். எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

பதில்: "ராத்திரி தரையில் படுத்தானா?" என்ற கேள்வியில் தெரியும். கட்டுவிரியன் இரவில் வரும், தூங்குகிறவரைக் கடிக்கும். வலி அநேகமாக இருக்காது, பல் தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டை அடைப்பு, அப்புறம் இமை சரிவு. மழைக்காலத்தில் காலை வயிற்று வலியோடு வரும் எல்லாரிடமும் இமையைப் பாருங்கள், "மேலே பார்" என்று சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து முதலில் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது. எமர்ஜென்சி டிராலியில் அந்தக் குப்பியைத் தொடும்போதெல்லாம் அவர்கள் நினைவு வரும்.

இன்னொன்று, முக்கியமானது. முற்றிய கட்டுவிரியன் கடியில் நோயாளி அசையமாட்டார், கண் திறக்கமாட்டார், கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்காது. மூளைச்சாவு மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே முழு நினைவோடு இருப்பார். எங்களிடம் அப்படி நான்கு நாள் கிடந்த ஒரு பெண், ஐந்தாம் நாள் விரல் அசைந்து, டியூப் எடுத்தபின் சொன்னாள்: "நீங்க கையப் புடிச்சு, உன் பிள்ளை வெளிய நல்லா இருக்கான்னு சொன்னீங்கல்ல, கேட்டுச்சு." அவர்கள் தலைமாட்டில் நின்று "தேறாது" என்று யாரும் பேசக்கூடாது. மயக்க மருந்தும் கொடுக்க வேண்டும். அசையாததால் வலி இல்லை என்று ஆகாது.

கேள்வி (பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பேத்தி): பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் விரல் கருவியில் 96 காட்டுகிறது. போகலாமா, காத்திருக்கலாமா?

பதில்: போங்கள். வேகவேகமாக மூச்சு விட்டுத்தான் அந்த 96-ஐ அவர் பிடித்து வைத்திருக்கலாம். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால், கை சில்லென்று இருந்தால், அந்த எண்ணையே நம்ப முடியாது.

கேள்வி (செவிலியர்): நள்ளிரவில் சீஃபைக் கூப்பிட்டால் "இதுக்கா எழுப்பினே" என்று விழுகிறார். அதற்குப் பயந்தே தள்ளிப்போடுகிறோம். எப்படிச் சொல்வது?

பதில்: "பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்" என்று தொடங்கினால் யாரும் எழுந்து வரமாட்டார்கள். கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைச் சொல்லுங்கள். நான் இப்படிப் பேசுவேன்:

"சார், ஐசியூ ஆறாம் பெட். 58 வயசு, சுகர் பேஷன்ட், நிமோனியா. ஒரு மணி நேரத்துல மூச்சு 22-லேருந்து 32 ஆயிருக்கு, நானே எண்ணினேன். பிபி 94/50. ரெண்டு மணி நேரமா யூரின் 20 மில்லிதான். மகனை அடையாளம் தெரியலை. செப்சிஸ்னு நினைக்கிறேன். கல்ச்சர் எடுத்தாச்சு, ஆன்டிபயாடிக் போயிட்டிருக்கு. நீங்க இப்ப வந்து பாக்கணும் சார்."

அரை நிமிடம்கூட ஆகாது. கூப்பிட்ட நேரத்தை, அவர் சொன்ன பதிலோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பத்து நிமிடத்தில் ஆள் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். அதுவரை எமர்ஜென்சி டிராலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு, மறுபடி மூச்சை எண்ணுங்கள்.