மதுரையில் இருந்துகொண்டு, மின்னஞ்சல் பட்டியல் சேர்த்து, மின்னூலும் பாடமும் தமிழில் விற்றுச் சம்பாதிக்க முடியுமா?

முடியும். நான் ஏழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஆனால் வீடியோக்களில் சொல்கிறார்களே, 'நீங்கள் தூங்கும்போதும் காசு கொட்டும்' என்று, அந்த ரகம் இல்லை. நான் தூங்கும்போது வருவதெல்லாம் 'அக்கா, ஃபைல் திறக்க மாட்டேங்குது' என்ற செய்திதான்.

நான் விற்பது ஜாக்கெட் கட்டிங் பாடங்கள். பிடிஎஃப் சிறு நூல்களும் கூடவே சில வீடியோக்களும். அப்பா புதுமண்டபத்துத் தையல்காரர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. இரண்டு தூணுக்கு நடுவே ஒரு மெஷின் போட இடம் கிடைத்தால் அதுதான் கடை. சித்திரைத் திருவிழா வந்தால் அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடை தைப்பார்கள், மற்ற நாளெல்லாம் ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம்.

அப்பாவிடம் ஓர் அளவு நோட்டு உண்டு. நீள நோட்டு, அட்டை பிய்ந்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள். பெயர், போன் நம்பர், ஷோல்டர், மார்புச் சுற்றளவு, கை உயரம், கை லூஸ், முன் கழுத்து, பின் கழுத்து. ஓரத்தில் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குண்டூசியால் குத்தியிருப்பார். அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் குறிப்பு: 'இடது தோள் இறக்கம்', 'அக்குளில் அரை இன்ச் கூட விடவும்', 'பின் கழுத்து இறக்க வேண்டாம், மாமியார்'.

சில வருடங்களுக்கு முன்னால் புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். தூரம் என்று பார்த்தால் கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்தத் தூணுக்கு வழக்கமாக வந்தவர்களுக்கு, தூண் இல்லையென்றால் ஆளும் இல்லை. அப்பா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். பெரும்பாலோர் வந்து சேர்ந்தார்கள். நோட்டு வைக்காமல் 'வந்தா தைப்போம்' என்று இருந்தவர்களுக்கு அந்த வருடம் கஷ்டமாகத்தான் போனது.

மின்னஞ்சல் பட்டியல் என்று நீங்கள் கேட்கிறீர்களே, அது இந்த நோட்டுதான். யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாம் தூண். 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்களே, அன்று ராத்திரி திருமங்கலத்தில் என் தோழி ஒருத்தி அழுதாள். கழுத்து டிசைன் வீடியோ போட்டு நிறைய பேரைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர்களில் ஒருவருடைய முகவரிகூட அவளிடம் இல்லை. நான் அப்போதுதான் பட்டியல் ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது, வெறும் 212 பேர்.

சரி, எப்படிச் சேர்ப்பது? ஏதாவது ஒன்றைச் சும்மா கொடுங்கள், அதற்கு ஈடாக முகவரி கேளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் என்ன கொடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். நான் முதலில் '101 கழுத்து டிசைன்கள்' என்று ஒரு படத்தொகுப்பு கொடுத்தேன். மளமளவென்று சேர்ந்தார்கள், அத்தனை பேரும் படம் பார்க்கிறவர்கள். மெஷினில் உட்காருகிறவர்கள் இல்லை. பிறகு அதைத் தூக்கிவிட்டு, அளவு எடுக்கும் தாள் ஒன்று கொடுத்தேன். ஒரே பக்கம். எந்த இடத்தில் டேப் பிடிக்க வேண்டும், எங்கே இறுக்கக் கூடாது, எங்கே ஒரு விரல் விட வேண்டும் என்று படத்துடன். சேருகிறவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. விற்பனை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இன்ச் டேப் கையில் இருப்பவருக்கு மட்டும்தான் அந்தத் தாள் தேவைப்படும், பாருங்கள்.

இங்கே நம்ம ஊர்ச் சிக்கல் ஒன்று. என் வாடிக்கையாளர்களில் பலருக்குத் தங்களுக்கு ஒரு ஜிமெயில் இருப்பதே தெரியாது. போன் வாங்கிய அன்று கடைப் பையனோ மகனோ போட்டுக் கொடுத்தது. முகவரியை 'gamil' என்று எழுத்து மாற்றி அடிப்பவர்களும் உண்டு. அதனால் முகவரி கொடுத்ததும் ஒரு உறுதிக் கடிதம் போகும்படி வைத்தேன். அதில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் தாள் கிடைக்கும். சிலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். போகட்டும். அழுத்தத் தெரிந்தவருக்குத்தான் நாளைக்கு என் பிடிஎஃபையும் திறக்கத் தெரியும்.

'அப்போ வாட்ஸ்அப்பிலேயே நடத்தலாமே' என்று கேட்பீர்கள். நடத்திப் பார்த்தேன். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். குரூப் போட்டால் மூன்றாம் நாள் யாராவது குட் மார்னிங் ரோஜாப்பூ போடுவார்கள். இப்போது வாட்ஸ்அப்பை 'கடிதம் அனுப்பியிருக்கேன், மெயில் பாருங்க' என்று கதவைத் தட்ட மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒருவர் 'தமிழ்நாட்டுப் பெண்கள் 10,000 பேரின் முகவரி' என்று ஒரு பென்டிரைவ் விற்றார். வாங்கினேன். அனுப்பினேன். பாதி திரும்பி வந்தது, மீதியில் எத்தனையோ பேர் ஸ்பேம், அதாவது வேண்டாத கடிதம், என்று அழுத்தியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் காலை, கடிதம் அனுப்பும் சேவைக்காரர் என் கணக்கை முடக்கிவிட்டார். என் சொந்த 212 பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கெஞ்சிக் கேட்டு வெளியே எடுக்க மூன்று வாரம் ஆனது. அது அவர் தப்பில்லை, என் தப்பு. அன்றிலிருந்து மாதாமாதம் பட்டியலை இறக்கி என் கணினியில் ஒரு பிரதி வைக்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

இப்போது இந்த விதிகள் இன்னும் இறுகிவிட்டன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும், மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களிடம் கறாராக இருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் போனால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் இருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஸ்பிஎஃப் என்பது 'என் பெயரில் கடிதம் கொண்டுவர இன்னின்னாருக்கு அனுமதி' என்று வாசலில் ஒட்டும் சீட்டு. டிகிம் என்பது கவரில் வைக்கும் அரக்கு முத்திரை. டிமார்க், இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தக் கவரை என்ன செய்வது என்று சொல்லி வைப்பது. சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரில் ஓர் இணைய முகவரி, வாங்கினால் இந்த மூன்றையும் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். சின்னப் பட்டியல்தானே என்று விடாதீர்கள், முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இனி விற்பனை. என் முதல் பொருள் ஒரு முழுமையான தையல் கலை மின்னூல். 180 பக்கம், 499 ரூபாய். எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக எழுதினேன். விற்றது மூன்று. அதில் ஒன்று சித்தி.

மனசு உடைந்துபோய் ஒரு கடிதம் எழுதினேன். அதில் விற்க ஒன்றும் வைக்கவில்லை. தலைப்பு: 'அக்கா, கையைத் தூக்கினா இழுக்குதா?' உள்ளே நாலே வரி. நீங்கள் தைத்த ஜாக்கெட்டில் உங்களை ரொம்பப் படுத்தும் ஓர் இடம் எது, ஒரு வரியில் பதில் போடுங்கள் என்று கேட்டிருந்தேன். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. உசிலம்பட்டியிலிருந்து ஒருவர், 'கை ஏத்துற இடத்துல முன்பக்கம் சுருக்கம் விழுது, எத்தனை தடவ பிரிச்சுத் தச்சாலும் விழுது' என்று எழுதினார். மேலூர், சிவகாசி, மலேசியாவில் ஒரு அக்கா, எல்லாரும் சுற்றிச் சுற்றி அதே அக்குளுக்குத்தான் வந்தார்கள். யாருக்கும் முழுமையான தையல் கலை வேண்டியிருக்கவில்லை. ஆர்ம்ஹோல், அதாவது கை ஏற்றும் இடத்து வளைவு, சரியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவை உட்கார வைத்து, நியூஸ்பேப்பரில் வளைவு வெட்டிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தேன். முன்பக்க வளைவைப் பின்பக்கத்தைவிட எவ்வளவு குடைய வேண்டும், கையைத் திருப்பி வைத்துவிட்டால் எப்படித் தெரியும், தோள் இறக்கம் இருப்பவருக்கு எங்கே பிடிக்க வேண்டும். மொத்தம் 22 பக்கம், 149 ரூபாய். பதில் போட்டவர்களுக்கு முதலில் அனுப்பினேன். 60 பேருக்கு அனுப்பி 31 பேர் வாங்கினார்கள். முழு நூல் எழுதிய எட்டு மாதத்தில் வராத பணம் நாலு நாளில் வந்தது.

அப்போதுதான் அப்பா நோட்டின் ஓரக் குறிப்புகள் எனக்குப் புரிந்தன. பெயரும் நம்பரும் எல்லாக் கடைக்காரரும் எழுதுவது. 'இடது தோள் இறக்கம்' என்று எழுதுவதால்தான் அந்த அம்மா திரும்பி வருகிறார். மின்னஞ்சல் சேவைகளில் டேக் என்று ஒன்று இருக்கிறது. நான் வருகிற பதில்களைப் படித்து ஒவ்வொருவருக்கும் டேக் போடுகிறேன்: வீட்டுக்கு மட்டும் தைப்பவர், கடை வைத்திருப்பவர், கட்டோரியில் (முன்பக்கம் கிண்ணம்போல் வரும் ஜாக்கெட் வெட்டு) மாட்டிக்கொண்டவர், பிரின்சஸ் கட் (முன்பக்கத்தில் மேலிருந்து இடுப்பு வரை தையல் ஓடும் வெட்டு) கேட்டவர். புது நூல் வந்தால் அது யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் கடிதம் போகும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. 2021-ல் ஆப்பிள் மெயிலில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள், அதன் பிறகு படிக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். பதில் வந்ததா என்பதுதான் என் கணக்கு.

பொருள் நன்றாக இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அடுத்து வெட்டுத்தாள் விற்றேன், ஏ4 தாள்களில் பிரிண்ட் எடுத்து ஒட்டி, துணி மேல் வைத்து வெட்டிக்கொள்ளும் மாதிரி. முதல் வாரமே ஐந்து பேர், 'அளவு பத்தல, துணி வீணாப் போச்சு' என்றார்கள். ஒருத்தியின் பட்டு ஜாக்கெட் துணி. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. என் அளவுகளை மூன்று தடவை சரிபார்த்தேன், தப்பு இல்லை. கடைசியில் வீட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நானே பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பில் போட்டுக் கொடுத்தார். தாள் 95 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. 36 இன்ச் அங்கே 34.2 ஆகிவிடும். எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பட்டுத் துணிக்காரிக்குத் துணிக்கான காசும் சேர்த்து. இப்போது முதல் பக்கத்தில் இரண்டு இன்ச் சதுரம் ஒன்று இருக்கிறது. 'இதை டேப் வைத்து அளக்காமல் துணியில் கத்திரி வைக்காதீர்கள். கடைக்காரரிடம் 100 சதவீதத்தில் போடச் சொல்லுங்கள்' என்று கொட்டை எழுத்தில். பணம் திருப்பி வாங்கிய ஐவரில் நால்வர் இன்னும் என் வாடிக்கையாளர்கள்.

திருட்டுப் பிரதி பற்றிக் கேட்பீர்கள். என் பிடிஎஃபை எனக்கே ஒருவர் 'பயனுள்ள தகவல், பகிரவும்' என்று அனுப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு பக்க அடியிலும் வாங்கியவர் பெயரும் நம்பரும் விழும்படி செய்தேன். தன் நம்பர் ஊரெல்லாம் சுற்றுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். முழுக்க நிற்காது, குறையும்.

பணம் வாங்குவது இன்று சுலபம். யுபிஐ இருக்கிறது. தானாகவே கோப்பு போய்ச் சேர வேண்டுமென்றால் ரேசர்பே போல இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை ஒன்று வேண்டும். சுமார் 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், 149-ல் மூன்றரை ரூபாய். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுப் பணத்துக்கு இல்லை, வெளிநாட்டு அக்காக்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். சேவை விற்றுமுதல் வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். நான் அந்தத் தொகையின் பக்கமே போனதில்லை. வருமான வரிக் கணக்கில் மட்டும் ஒழுங்காகக் காட்டிவிடுங்கள்.

எவ்வளவு வருகிறது? சில மாதம் 30,000, சில மாதம் 6,000. மெஷினை இன்னும் விற்கவில்லை, லைனிங் ஜாக்கெட்டுக்கு 350 வாங்கித் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வருமானம் ஏறி இறங்குவதற்குக் காரணம் எந்த மார்க்கெட்டிங் நூலிலும் கிடைக்கவில்லை, பஞ்சாங்கத்தில் கிடைத்தது. தீபாவளிக்கு முந்தைய மாதம் நான் என்ன சலுகை கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். எல்லாரும் ராத்திரி இரண்டு மணி வரை தைத்துக்கொண்டிருப்பார்கள், மெயில் பார்க்க ஏது நேரம்? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மெஷின் சும்மா இருக்கும், கை பரபரக்கும், அப்போதுதான் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தோன்றும். என் பெரிய பாடங்கள் இரண்டுமே ஆடி முதல் வாரத்தில் வருபவை. இந்த ஆடிக்குக் கட்டோரி. ஆனி பிறந்ததும் கேள்விக் கடிதம் போகும், அப்பாவிடம் இப்போதே பழைய நியூஸ்பேப்பரைச் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.