பெக்கர் தசைச்சிதைவில் சிகே (ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டின் கைனேஸ் அளவு) குறைந்தால் நோய் நின்றுவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் அண்ணனுக்கு சிகே 6,000-லிருந்து 2,200-க்கு இறங்கியதை வைத்துத் தசைச்சிதைவு நின்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிதையும் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதி அது. பெக்கர் என்ற, மெதுவாக முற்றும் பரம்பரைத் தசைச்சிதைவு வகையில் வருஷம் போகப்போகத் தசை இருந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும், கசிவதற்குத் தசையே குறைந்துபோவதால் எண்ணும் இறங்கும். அதோடு, பரிசோதனைக்கு முன்பு நிறைய நடந்து அலைந்திருந்தால் எண் அதிகமாகக் காட்டும்.

நோய் எப்படிப் போகிறது என்று தெரிய, வீட்டில் இதைச் செய்து பாருங்கள். தரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, முடிந்த வேகத்தில் நடக்கச் சொல்லி நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 4 படி ஏறும் நேரம், பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு. நொடியைவிட விதத்தைக் கவனியுங்கள்: எந்தப் படியில் கைப்பிடியைப் பிடிக்கிறார், நாற்காலியிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றுகிறாரா, போன தடவை ஊன்றினாரா. அதே செருப்பு, அதே காலை நேரம், 6 மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒரு தடவை 1 நொடி கூடினால் அது களைப்பாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்கு மாற்றம் மெதுவாகத்தான் வரும், ஓரிரு வருஷக் கணக்குதான் பேசும்.

ஆனால் கால் நன்றாக இருக்கும்போதே பெக்கரில் இதயம் பலவீனமாகலாம். எக்கோ, ஈசிஜி, மூச்சுத்திறன் சோதனை மூன்றையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் எடுங்கள். காலையில் தலைவலியோடு எழுந்தாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.