ஜிபிஎஸ் இருந்தும் கடிகாரம் ஏன் தப்புகிறது? கேள்வி பதில்

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஜிபிஎஸ் மாட்யூல் மாட்டி, கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் குரோனி நிரலை வைத்து நேரம் பிடிப்பவர்கள் கேட்டவை இவை. கேட்கும்போது எவ்வளவு தப்புகிறது என்பதையும் சொல்லுங்கள். பாதி விடை அந்த எண்ணிலேயே இருக்கும்.

குரோனி பட்டியலில் பிபிஎஸ் (மாட்யூல் நொடிக்கு ஒருமுறை தரும் துடிப்பு) வரிக்கு முன்னால் கேள்விக்குறியே நிற்கிறது, அதைக் குரோனி ஏற்கவில்லை. என்ன செய்வது?

முதலில் துடிப்பு வருகிறதா என்று காட்டும் பிபிஎஸ்டெஸ்ட் கட்டளையை ஓட்டுங்கள். நொடிக்கு ஒரு வரி வந்தால் ஒயர் சரி. வரவில்லையா? பல மாட்யூல்கள் செயற்கைக்கோள் பிடிபடும்வரை துடிப்பே தராது. ஆன்டெனாவை வானம் தெரியும் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

வரி வந்தும் கேள்விக்குறி போகவில்லை என்றால் சிக்கல் வேறு. நொடி எப்போது பிறக்கிறது என்பதுதான் பிபிஎஸ் துடிப்புக்குத் தெரியும், அது எந்த நொடி என்று தெரியாது. அதை மாட்யூல் எழுத்தாக அனுப்பும் என்எம்இஏ வரிகள் சொல்ல வேண்டும், அவையோ தாமதமாக வரும். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். மாட்யூல் 480 எழுத்து அனுப்பினால் அரை நொடி அதிலேயே போச்சு. தெரியும் செயற்கைக்கோள்கள் கூடக்கூட வரிகளும் நீளும், அதனால் தாமதமும் ஒரே அளவில் நிற்காது. தேதியும் நேரமும் உள்ள ஆர்எம்சி வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள், வேகத்தை 115200 ஆக்குங்கள். அப்புறம் இணைய நேர சர்வர்களோடு ஒப்பிட்டு என்எம்இஏ ஆஃப்செட்டை (தாமதத்தை ஈடுகட்டக் குரோனிக்குத் தரும் எண்) திருத்துங்கள். பிசகு 0.2 நொடிக்குள் வந்துவிட்டால் குரோனி துடிப்போடு ஜோடி சேர்த்துவிடும்.

பிபிஎஸ் அசையாமல் நிற்கிறது. ஆனால் மற்ற சர்வர்களைவிடச் சரியாக 100 மில்லிநொடி பின்தங்குகிறது, அண்ணா.

துடிப்பு ஏறும் விளிம்பை விட்டுவிட்டு இறங்கும் விளிம்பைப் பிடித்திருக்கிறீர்கள், தம்பி. பல மாட்யூல்களில் துடிப்பின் அகலமே 100 மில்லிநொடிதான். விளிம்பை மாற்றுங்கள், தீர்ந்தது.

பழைய மாட்யூல். ஆன் செய்ததும் 2 நொடி முந்துகிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. பழுதா?

பழுது இல்லை. உலகப் பொது நேரமான யுடிசியில் பூமியின் சுழற்சிக்கு ஈடாக அவ்வப்போது ஒரு லீப் நொடி சேர்ப்பார்கள், ஜிபிஎஸ் நேரம் அதைச் சேர்ப்பதில்லை. 2017 ஜனவரி 1 முதல் அது யுடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. உங்கள் மாட்யூலின் நினைவில் பழைய 16 இருக்கிறது. புதிய எண்ணைச் செயற்கைக்கோள் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் சொல்லும். அதுவரை குரோனியைத் தொடங்காமல் வையுங்கள். மாட்யூலுக்கு பேக்கப் பேட்டரி போட்டால் இன்னும் நல்லது.

பிடிபி (நெட்வொர்க் வழியே நேரம் பகிரும் முறை) போட்டேன். 37 நொடி முந்துகிறது.

பிடிபி பேசுவது லீப் நொடி சேராத அணு நேரமான டிஏஐ, யுடிசி அல்ல. இடைவெளி 37 நொடி. நெட்வொர்க் அட்டையின் நேரத்தைக் கணினிக்கு மாற்றும் பிஹெச்சி2சிஸ் நிரலை -டபிள்யூ தேர்வோடு ஓட்டினால் அதுவே கழித்துக்கொள்ளும்.

எல்லாம் சரி. ஆனாலும் சில மைக்ரோநொடி அலைகிறதே?

யூஎஸ்பி மாட்யூலாக இருந்தால் அந்த மாட்யூலைக் கைவிடுங்கள், கணினி அதை விசாரிக்கும் இடைவெளியே 1 மில்லிநொடி வரை போகும். போர்டில் ஒயர் மாட்டும் ஜிபிஐஓ பின்னில் (ஊசியில்) மாட்டியிருந்தால் வெப்பநிலையைப் பாருங்கள். என் ராஸ்பெரி பை மேசை விசிறிக்கு எதிரே இருந்தது. விசிறி போட்டதும் நேரப் பிசகின் கிராஃப் ஒரு பக்கம் சாயும், நிறுத்தினால் மறுபக்கம். போர்டின் கடிகாரத்தை ஓட்டும் படிகம் குளிர்ந்து சூடாவதுதான் காரணம். அட்டைப்பெட்டியால் காற்றை மறைத்து, சிபியு வேகத்தை ஒரே அளவில் நிறுத்தினேன். கோடு அடங்கியது.