கிண்டியா, திருப்பதியா?

கேள்வி: டீச்சர், எங்கள் ஊர் குடியாத்தம். பிளஸ் டூவில் கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள குரூப். பொறியியல் கலந்தாய்வில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் கிடைத்திருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதியதில் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான திருப்பதி ஐசரிலும் இடம் வந்திருக்கிறது. உயிரியலும் பிடிக்கும், கணக்கும் பிடிக்கும்; எதை மேஜராக எடுப்பது என்றே தெரியவில்லை. அப்பா லுங்கித் தறி வைத்திருக்கிறார். "நாலு வருஷத்துல இன்ஜினியர் ஆயிடலாம், அங்க அஞ்சு வருஷம் படிச்சு என்ன ஆவே?" என்கிறார். எங்கே சேரட்டும்?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: திருப்பதிக்குப் போ, மகளே. காரணத்தைச் சொல்கிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

நான் பி.எஸ்சி. சேர்ந்தது 1981இல். தோழி விண்ணப்பத்தில் வேதியியல் என்று எழுதினாள், நானும் அதையே எழுதினேன். அலைடு பாடமாகத் தாவரவியல் வந்தது. முதல் பிராக்டிகலில் பூசணித் தண்டைப் பிளேடால் மெலிசாகச் சீவச் சொன்னார்கள். ஏழெட்டுச் சீவல் தடியாகப் போய், ஒன்று மட்டும் கண்ணாடி மாதிரி வந்தது. சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தை ஒரு சொட்டு விட்டு, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தண்ணீர் மேலேறும் குழாய்களெல்லாம் சிவந்து, வட்டமாகச் சுற்றி நின்றன. மணி அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமே மேஜரை மாற்றித் தரச் சொல்லி அலுவலகத்தில் போய் நின்றேன். கிளார்க் பெரிய ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேர்ந்தது சேர்ந்ததுதாம்மா" என்றார். முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன், மனசார. ஆனாலும் அந்தச் சிவப்பு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

உனக்கு வந்திருக்கும் இரண்டு இடங்களுக்கும் வித்தியாசம் இதில்தான். நம் கலந்தாய்வில் கல்லூரியையும் பிரிவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பிறகு மாறுவது எளிதல்ல. ஐசரின் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பில் தொடக்கத்தில் எல்லோரும் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் படிக்கிறார்கள். மேஜர் அப்புறம்தான்.

கிண்டியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. செயற்கைக்கோள் படத்தையும் கணினியையும் வைத்து நிலத்தை அளக்கும் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் அந்த வேரில் முளைத்த படிப்பு. ஆசைப்பட்டு எடுத்திருந்தால், யோசிக்காமல் அங்கே போ என்றிருப்பேன். ஆனால் உன் கடிதத்தில் அந்தப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரேங்க் கொடுத்ததை வாங்கியிருக்கிறாய், அவ்வளவுதான்.

இயற்பியலைப் பற்றியும் நீ மூச்சு விடவில்லை, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஐசரில் அதிலிருந்து தப்ப முடியாது. இன்றைக்கே பிளஸ் ஒன் புத்தகத்தை எடுத்து, இயக்கவியல் கணக்குகளை நாலு நாள் போட்டுப் பார். உட்கார்ந்து போட முடிகிறதென்றால் பயமில்லை.

அப்பாவின் கவலை நியாயமானது. ஐசர் முடித்தவர்கள் பலர் பிஎச்.டி. பக்கம் போகிறார்கள், சம்பளம் தள்ளித்தான் வரும். கம்பெனிகள் வந்து ஆளெடுப்பது கிண்டியில்தான் அதிகம். நாலு வருஷத்தில் உன் சம்பளம் வந்தால்தான் வீடு நடக்கும் என்றால் கிண்டிக்கே போ. நான் சொன்னதை மறந்துவிடு. பொறுக்க முடியும் என்றால், பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் நீ வந்திருக்கிறாயா என்று பார். வந்திருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 80,000 ரூபாய். சேர்ந்த பிறகுதான் விண்ணப்பம் போட முடியும், அதனால் முதல் கட்டணத்துக்கு அதை நம்பாதீர்கள்.

ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு அப்பா உன்னோடு வரட்டும். காட்பாடியில் ரயிலேறித் திருப்பதி. அங்கிருந்து காளஹஸ்தி போகும் வழியில் ஏர்பேடு, அங்கேதான் வளாகம். லேப்பைப் பார்க்கட்டும், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அவரே பேசட்டும். எங்கே சேர்ந்தாலும் சரி, அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்.