பறவை வேட்டைக்கு 12 போரா, 20 போரா? எந்த நம்பர் சன்னம்?

கனடாவில் புதிதாகத் துவக்கு லைசென்ஸ் எடுத்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி, போரை, அதாவது குழலின் வாய் அளவை, விடுங்கள். முதலில் தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகளை, அதுதான் சன்னத்தை, பாருங்கள். எனக்கு இதை விளங்க வைத்தது ஒரு சீமெந்துப் பை.

எழுபதுகளில் பெரியப்பாவிடம் லைசென்ஸ் துவக்கு இருந்தது. இரட்டைக் குழல், 12 போர். அப்போது கடதாசித் தோட்டாதான். மாரியில் ஈரம் குடித்து ஊதினால் குழலுக்குள் இறங்காது. சுளகில் பரப்பிக் காயவைப்பது என் வேலை. ஒரு நாள் பன்றிக்கென்று வைத்திருந்த பிபி (BB) என்ற பெரிய சன்னத் தோட்டாவை மாறி எடுத்துக் கொடுத்துவிட்டேன். கௌதாரி கிளம்பியது, பெரியப்பா சுட்டார், அது பாட்டுக்குப் பறந்து போனது.

என்னை ஏசவில்லை. அடுத்த நாள் சீமெந்துப் பையைப் பிரித்துப் பனையில் கட்டி, நாற்பது எட்டு நடந்து தள்ளி நின்று பிபியில் ஒன்று, வேறு தாளில் 6ஆம் நம்பரில் ஒன்று சுட்டார். பிபி தாளில் துளைகளுக்கு நடுவே என் உள்ளங்கை அடங்கியது. மற்றது அரிதட்டு மாதிரி. "பார், இதுக்குள்ளாலதானடா போனது" என்றார். ஒரு அவுன்ஸில் பிபி 70, இங்கிலீசு 6ஆம் நம்பர் 270. நம்பர் கூடக் கூடச் சன்னம் சிறிது. அவ்வளவுதான் சங்கதி.

சரி, உங்கள் கேள்வி. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒன்றின் பருமன்தான் 12 போர்க் குழல். அதனால்தான் 20 சிறியது. வழக்கமான தோட்டாவில் 12க்கு 32 கிராம், 20க்கு 25 கிராம் அளவில் சன்னம் இருக்கும். கிட்டத்தில் எழும்பும் பறவைக்கு 20 தாராளம், தோளுக்கும் பாரமில்லை. தூரத்துத் தாராவுக்கு 12 எடுங்கள். நம்பரிலும் கவனம்: அமெரிக்க 6 என்பது இங்கிலீசு 5, அதாவது 2.8 மில்லிமீற்றர். தாராவுக்குக் கனடாவில் ஈயம் தடை. இரும்புச் சன்னம் பாரம் குறைவு என்பதால் 6 போடும் இடத்தில் 4 போடுங்கள்.

உயிர்களைக் கொல்லச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இலங்கையின் வடக்கில் உள்ள சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகிவிட்டது. பெரியப்பா அந்தப் பக்கம் துவக்கோடு போனதே இல்லை. சுட்டதைச் சமைக்காமல் விட்டதும் இல்லை.

அந்தத் துவக்கை எண்பதுகளில் ஒப்படைக்கச் சொன்னார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பற்றுச்சீட்டுத் துண்டு தந்தார்கள். பிறகு எத்தனை கடிதம் எழுதினார்! ஒரு வரி பதில் இல்லை. காசு கொடுத்து வாங்கி, வருடா வருடம் லைசென்ஸ் கட்டிய பொருள் அது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொன்று, தம்பி. 12ம் 20ம் இரண்டும் வாங்கினால் தோட்டாக்களை ஒரே பைக்குள் போடாதீர்கள். 20 தோட்டா 12 குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் இறுகி நிற்கும். அது தெரியாமல் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20க்கு மஞ்சள் நிறம் அடிப்பதே அதற்காகத்தான்.