வம்புக்கு ஆங்கிலத்தில் வந்த பெயர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அந்தக் காலத்து அரசியல்வாதிகள் தம் ஆட்களைச் சாராயக் கடைகளுக்கு அனுப்பி, "போய் ஒரு மிடறு குடித்துக்கொண்டே ஊர் என்ன பேசுகிறது என்று கேட்டு வா" என்பார்களாம். அந்தக் 'கோ சிப்' என்ற கட்டளையிலிருந்துதான் 'காஸிப்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மை அல்ல. வம்பைக் குறிக்கும் சொல்லின் பிறப்பைப் பற்றியே ஒரு வம்பு உலவுவது வேடிக்கைதான். கட்சிகளும் தேர்தல் கணக்குகளும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இச்சொல் ஆங்கிலத்தில் வழங்கியது. அன்று அதன் வடிவம் 'காட்-சிப்'. 'காட்' என்பது கடவுள், 'சிப்' என்பது உறவு; உடன்பிறந்தவரைக் குறிக்கும் 'சிப்ளிங்' என்ற சொல்லில் இருப்பதும் இதே 'சிப்' தான். ஆகவே இதன் நேர்ப்பொருள், கடவுளின் பெயரால் ஏற்பட்ட உறவு என்பதாகும்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதன் சார்பில் நின்று விசுவாச அறிக்கை சொல்பவரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று அழைக்கிறார்கள். அப்படி நின்றவருக்கும் குழந்தையைப் பெற்றவர்களுக்கும் இடையே உண்டான பிணைப்பே 'காட்-சிப்'. இடைக்காலத் திருச்சபை இதை இரத்த உறவுக்கு நிகராகக் கருதி, ஞானப் பெற்றோருக்கும் குழந்தையைப் பெற்றவருக்கும் இடையே பின்னாளில் திருமணம் நடப்பதையும் தடை செய்திருந்தது. டேனியரின் படையெடுப்பால் இங்கிலாந்து நிலைகுலைந்திருந்த 1014ஆம் ஆண்டில், யார்க் நகரப் பேராயர் வுல்ஃப்ஸ்டன் தம் மக்களின் பாவங்களை அடுக்கிக் கண்டித்த புகழ்பெற்ற பிரசங்கம் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஞான உறவினரையும் ஞானப் பிள்ளைகளையும் நாடெங்கும் அழித்துவிட்டார்கள் என்று அதில் அவர் புலம்பும் இடத்தில் இச்சொல் வருகிறது. இன்று நடிகர்களின் மணமுறிவுச் செய்திகளுக்கு மேலே தலைப்பாக அமரும் சொல், அன்று பாவப் பட்டியலுக்குள் பலியானவரின் பெயராக நின்றது.

பிறகு நேர்ந்தது எளிது. ஞான உறவு என்பது நெருங்கிய நட்பானது. நடுவிலிருந்த 'ட்' உச்சரிப்பில் தேய்ந்தது. ஈற்றெழுத்தின் ஒலியும் வன்மையானது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கான்டர்பரிக் கதைகளில், 'பாத் நகரத்து மனைவி' என்ற பாத்திரம் தன் தோழியை இச்சொல்லால்தான் குறிப்பிடுகிறாள். தன் உள்ளத்தையும் அந்தரங்கத்தையும் பங்குச் சாமியாரைவிட அவள் நன்றாக அறிவாள் என்றும், கணவனின் இரகசியம் எதுவானாலும் அவளிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்றும் கூச்சமே இல்லாமல் சொல்கிறாள். உறவும் தோழமையும் வம்பும் அந்தச் சில அடிகளிலேயே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரெஞ்சிலும் இதே பாதைதான்: ஞானத்தாயைக் குறித்த 'கொமேர்' வம்புக்காரியைக் குறிக்கலானது, 'கொமேராஜ்' என்றால் இன்று வம்பு. இரண்டு மொழிகள் ஒரே திசையில் நடந்திருக்கும்போது சாராயக் கடைக் கதைக்கு இடமே இல்லை.

கேள்வி: அவ்வளவு புனிதமான சொல் எப்படி இவ்வளவு இழிவான பொருளுக்கு இறங்கியது? பெண்களோடு மட்டும் அதைச் சேர்த்துப் பேசுவது ஏன்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தொடக்கத்தில் அது பெண்களுக்கு மட்டும் உரிய சொல் அல்ல. 1623இல் இளவரசர் சார்ல்ஸும் அரசவைப் பிரபு பக்கிங்ஹாமும் ஸ்பெயினிலிருந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு எழுதிய கடிதங்கள் 'அன்புள்ள அப்பாவும் காஸிப்பும் ஆனவருக்கு' என்ற விளியோடு தொடங்குகின்றன. நாட்டின் மன்னரையே அப்படி அழைக்கலாம் என்றால், சொல்லில் இழிவு முழுமையாக ஏறவில்லை என்றுதானே பொருள்?

இழிவு ஏறிய இடம் பிரசவ அறை. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டதும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உறவுப் பெண்களும் அழைக்கப்படுவார்கள். கணவனுக்கு உள்ளே இடமில்லை. கதவும் சன்னலும் அடைக்கப்பட்ட அந்த அறையில், மதுவோ ஏல் பானமோ சேர்த்து வாசனைப் பொருளும் இனிப்பும் கூட்டிக் காய்ச்சிய 'காடில்' என்ற கஞ்சி பரிமாறப்படும். குழந்தை பிறந்த பின்பும் தாய் ஏறக்குறைய ஒரு மாதம் படுக்கையில் இருப்பாள். பெண்கள் வந்து பார்த்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். அப்படி வந்தவர்களுக்குப் பொதுப்பெயர் 'காஸிப்கள்'. பிரசவத்துக்குச் சாட்சியும் அவர்களே. குழந்தையின் தகப்பன் யார் என்ற வழக்கு வந்தால் சொல்லக் கூடியவர்களும் அவர்களே. ஆண் நுழைய முடியாத ஓர் அறையில் பெண்கள் பல நாட்கள் கூடி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற ஆண்களின் அச்சமே இச்சொல்லைக் கெடுத்தது என்பது என் கருத்து.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, சொல் கீழிறங்கிய படிகளை வரிசையாகவே காட்டுகிறது. முதற்பொருள், ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்பவர். இரண்டாவது, கூட இருந்து குடிக்கும் தோழர். மூன்றாவது, பிரசவ வீட்டுப் பெண்களைப் போல வம்பு பேசித் திரிபவர். இவை மூன்றும் ஆளைக் குறிக்கும் பொருள்களே. ஆளைக் குறித்த சொல் அந்த ஆளின் பேச்சையே குறிக்கலானது அதற்கும் பிறகு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

சொல் மட்டும் தண்டிக்கப்படவில்லை. சர்ரே மாவட்டத்து வால்டன்-ஆன்-தேம்ஸ் தேவாலயத்தில் 1633ஆம் ஆண்டு பொறித்த ஓர் இரும்புக் கடிவாளம் வைக்கப்பட்டிருந்தது. தலையைச் சுற்றி இரும்புப் பட்டைகள், வாய்க்குள் நுழைந்து நாக்கை அமுக்கும் ஒரு தகடு, பின்புறம் பூட்டு. வீணாகப் பேசும் பெண்களின் நாக்கை அடக்க செஸ்டர் என்பவர் வால்டனுக்கு வழங்கியது என்ற பொருளில் அதன்மேல் எதுகையோடு ஈரடிப் பாட்டு ஒன்றும் எழுதியிருந்தது. ஒரு பெண்ணின் வம்பால் தமக்கு வரவேண்டிய சொத்து போயிற்று என்ற கோபத்தில் அவர் அதைக் கொடுத்தார் என்பது அவ்வூர்க் கதை. அந்தக் கதை எந்த வாய் வழியாகப் பரவியது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: அப்படியானால் ஆண்களின் வம்புக்கு ஆங்கிலத்தில் பெயரே கிடையாதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தாராளமாக உண்டு. ஆனால் அவை யாரையும் சுடுவதில்லை. லண்டன் காபிக் கடைகள் ஆண்களால் நிரம்பியிருந்தன. அங்கே பிறந்த பேச்சைத் தாங்க முடியாமல் மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் 1675 டிசம்பர் இறுதியில், பொய்யும் அவதூறும் பரப்பும் இடங்கள் என்று சொல்லி, அவற்றை மூட ஆணையிட்டார். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களுக்குள்ளேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1709இல் ரிச்சர்ட் ஸ்டீல் அதே காபிக் கடைகளின் பேச்சைத் தொகுத்து வாரம் மூன்று முறை ஓர் இதழ் நடத்தினார். பெயர் 'டாட்லர்', அதாவது வம்பளப்பவர். செய்திகளெல்லாம் ஆண்கள் கூடும் கடைகளிலிருந்து வந்தவை. ஆனால் பெயரைப் பெண்களைக் கௌரவிக்கவே வைத்ததாக முதல் இதழில் எழுதினார்! எப்போதும் "இப்போது என்ன செய்தி?" என்று கேட்டு அலைபவருக்கு, அதே பொருளுடைய இரண்டு லத்தீன் சொற்களை ஒட்டி 'க்விட்நங்க்' என்ற பெயரும் அக்காலத்தில் வழக்கில் வந்தது. ஸ்வீடன் மன்னரின் கதியை எண்ணிக் கவலைப்பட்டே தன் கடையைக் கோட்டைவிட்ட நாற்காலி மெத்தைக்காரர் ஒருவரை டாட்லரில் ஸ்டீலின் நண்பரான எழுத்தாளர் அடிசன் வரைந்திருக்கிறார். நம் ஊர்த் தேநீர்க் கடை பெஞ்சிலும் அவரைப் பார்க்கலாம்.

கடலுக்குப் போனால் 'ஸ்கட்டில்பட்'. 'பட்' என்பது பெரிய பீப்பாய். 'ஸ்கட்டில்' செய்வது துளை போடுவது. கப்பலின் மேல்தளத்தில் குடிநீர்ப் பீப்பாயின் பக்கவாட்டில் ஒரு துளையை வெட்டி வைப்பார்கள். அதற்கு மேல் நீர் நிற்காது, குவளையை விட்டு மொண்டுகொள்ளவும் எளிது. மாலுமிகள் நின்று பேசக் கிடைத்த இடம் அதுவே. பீப்பாயின் பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையினரின் வாயில் வதந்தியின் பெயராயிற்று.

இதற்கு ஆஸ்திரேலியத் தம்பி 'ஃபர்ஃபி'. விக்டோரியா மாநிலத்து ஷெப்பார்ட்டன் ஊரில் ஜான் ஃபர்ஃபி என்ற இரும்பு வார்ப்படக்காரர் 1880களில் குதிரை பூட்டிய தண்ணீர் வண்டிகள் செய்தார். இரும்புத் தொட்டி 180 கேலன் தண்ணீர் பிடிக்கும், பக்கத்தில் குடும்பப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். முதல் உலகப் போரின்போது மெல்பர்னுக்கு அருகிலுள்ள பிராட்மெடோஸ் முகாமில் இவ்வண்டிகள் ஓடின. வண்டிக்காரர் கூடாரம் கூடாரமாகத் தண்ணீரையும், எந்தப் படை எப்போது எங்கே கப்பலேறப் போகிறது என்ற நம்பத்தகாத சேதியையும் ஊற்றிப் போனார். சிப்பாய்கள் வண்டியின் பெயரையே சேதிக்குச் சூட்டினார்கள். ஜான் ஃபர்ஃபி மெதடிஸ்ட் பிரசங்கியும்கூட. பிற்காலத் தொட்டிகளில், தண்ணீர் கடவுள் தந்தது, பீர் பிசாசு காய்ச்சியது என்ற உபதேசம் சுருக்கெழுத்தில் வார்க்கப்பட்டிருந்தது. இன்னொரு விந்தை: அவருடைய தம்பி ஜோசப் ஃபர்ஃபி 1903இல் ஒரு நாவல் வெளியிட்டபோது வைத்துக்கொண்ட புனைபெயர் 'டாம் காலின்ஸ்'. அக்கால ஆஸ்திரேலியப் பேச்சில் அதற்கும் வெறும் வதந்தி என்றே பொருள். புனைபெயரில் தெரிந்தே வதந்தியை ஏற்றார். குடும்பப் பெயரில் அது தானாக வந்து ஏறியது.

கேள்வி: 'கேட்டது திராட்சைக் கொடி வழியாக' என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, கொடிக்கும் வதந்திக்கும் என்ன சம்பந்தம்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கொடியைத் தந்திக் கம்பிக்கு எதிராக நிறுத்திப் பாருங்கள். 1844இல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிய பின், கம்பி வழி வரும் செய்தியே உறுதியான செய்தி என்றானது. கோணலும் மாணலுமாக ஊர்ந்து வரும் சேதிக்குக் 'கொடித் தந்தி' என்று கேலியாகப் பெயரிட்டார்கள். 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது பெருவழக்காயிற்று.

ஆனால் அந்தக் கேலி எல்லாருக்கும் பொருந்தாது. அடிமையாகப் பிறந்து பின்னாளில் கல்வியாளராகப் புகழ்பெற்ற புக்கர் டி. வாஷிங்டன் 1901இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதை விளக்குகிறார். அஞ்சலகத்தில் கடிதம் வாங்கிவர அனுப்பப்பட்ட கறுப்பினத்தவர், அங்கே கூடிய வெள்ளையர் போரைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதற்காகச் சற்று நேரம் தயங்கி நிற்பார். திரும்பும் வழியில் அதை அடிமைகளிடம் சொல்லிவிடுவார். கையில் இருக்கும் கடிதம் பெரிய வீட்டின் எசமானரைச் சேரும் முன்பே, போர்க்களச் செய்தி குடிசைகளைச் சேர்ந்திருக்கும். படிப்பதற்கு உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அதுவே செய்தித்தாள். அதையும் வெட்டிப்பேச்சு என்ற கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஆங்கிலத்துக்கு நம் நாடு தந்த வம்புச் சொல் ஏதாவது உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: 'கப்'. பாரசீகத்திலிருந்து உருதுக்கும் இந்திக்கும் வந்து, அங்கிருந்து ஆங்கிலேயக் குடியிருப்புகளுக்குப் போனது. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இடம்பெற்றிருக்கிறது. சென்னை இராணுவ அதிகாரி ஒருவரை மணந்து இங்கே சில ஆண்டுகள் வாழ்ந்த ஃபுளாரன்ஸ் மாரியட், ஆங்கிலோ-இந்திய வாழ்க்கையைப் பற்றி 1868இல் வெளியிட்ட நூலுக்கு இந்த ஒற்றைச் சொல்லையே தலைப்பாக வைத்தார். ஆங்கிலேயர் போனபின் இங்கிலாந்தில் சொல்லும் மங்கிவிட்டது. இந்தியில் 'கப்-ஷப்' மட்டும் ஓயாமல் நடக்கிறது.

கேள்வி: என் மகள் தோழியிடம் போனில் 'டீயைக் கொட்டு' என்கிறாள். வம்பைச் சொல் என்று அர்த்தமாம். தேநீர் எப்படி வம்பானது? (வாசகி, மதுரை)

பதில்: தேநீருக்கும் வம்புக்கும் பழைய நட்பு உண்டு. ஃபிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில் தேநீருக்கு 'அவதூறு ரசம்', 'அரட்டை ரசம்' என்ற பொருளில் வேடிக்கைப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் தங்கள் மகள் கொட்டச் சொல்வது அந்தத் தேநீர் அல்ல. அமெரிக்கக் கறுப்பின நடன அரங்குகளில், பெண் வேடமிட்டு ஆடும் கலைஞர்களிடையே, உண்மை என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'டி' ஒருவருடைய அந்தரங்க விவகாரத்தைக் குறித்தது. 1990களில் அச்சிலும் ஏறியது. எழுத்தின் ஒலியும் பானத்தின் ஒலியும் ஒன்றாக இருந்ததால், இணையம் அதற்குக் கோப்பையும் தட்டும் சேர்த்துவிட்டது. தோழியிடம் பேச அது சரி. தேர்வுக் கட்டுரையில் மட்டும் 'காஸிப்' என்றே எழுதச் சொல்லுங்கள்.